செருப்புக்குள் ஒரு சிறு மெத்தை
குதிகால் வலிக்கு இன்சோல் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். குதிகால் வலியையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

மும்பையில் வாழும் நம்மவர்களுக்கு நடையைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. காலையில் வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை ஒரு நடை. பிறகு மேம்பாலப் படிகள். லோக்கல் ரயிலில் நின்றபடியே அரை மணியோ முக்கால் மணியோ பயணம். மாலையில் அதே பாட்டைத் திரும்பப் பாட வேண்டும். கூடவே கையில் காய்கறிப் பையும் சேர்ந்துகொள்ளும். இத்தனைக்கும் நாம் காலுக்குச் செய்யும் மரியாதை என்ன? அறுந்துபோகும் வரை போட்டுத் தேய்க்கும் ஒரு ஜோடி செருப்பு. அவ்வளவுதான்!

நான் டாக்டர் இல்லை. முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். கரும்பலகைக்கு முன்னால் நின்றே காலம் போயிற்று. 2014-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒருநாள் காலை, படுக்கையிலிருந்து எழுந்து தரையில் காலை ஊன்றினேன். வலது குதிகாலில் ஆணி அடித்ததுபோல் சுரீரென்று ஒரு வலி. சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி வைத்ததும் குறைந்துவிட்டது. சரி, ஏதோ சுளுக்கு என்று விட்டுவிட்டேன். மறுநாளும் அதே கதை. வகுப்பில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திவிட்டு எழுந்தாலும் அதே வலி. இரண்டு மாதத்தில் தாதர் மேம்பாலப் படிகளைப் பார்த்தாலே கண்ணில் நீர் வரும் நிலைமை.

எக்ஸ்ரே எடுத்தார்கள். குதிகால் எலும்பில் முள் மாதிரி ஒரு சிறு வளர்ச்சி தெரிந்தது. "எலும்பு வளர்ந்திருக்காம், இனிமேல் அறுத்துத்தான் எடுக்கணும்" என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்தினார்கள். பயத்தோடு பயமாக ஒரு கடைக்குப் போய், இயந்திரத்தின் மேல் ஏறி நின்று, என் பாதத்துக்கென்றே வார்த்துச் செய்த ஒரு ஜோடி இன்சோலை 6500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அந்தப் பணத்துக்கு நான் கற்ற பாடங்களைத்தான் இந்தக் கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறேன். அவற்றில் ஒன்று பணத்தைவிட விலை கூடிய பாடம்; அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பாதம் என்னும் வில்

ஒரு பாதத்தில் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் இருக்கின்றன. இரண்டு பாதங்களுக்கும் சேர்த்து 52 எலும்புகள். உடம்பில் மொத்தமே 206 எலும்புகள் என்னும்போது, ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு எலும்பு கணுக்காலுக்குக் கீழே இருக்கிறது! இந்தச் சிறு எலும்புகள் கட்டிடத்துக் கல்வளைவைப்போல அடுக்கப்பட்டுள்ளன. அதனால்தான் ஈரக் காலோடு தரையில் நடந்தால் உள்ளங்காலின் நடுப்பகுதி முழுதாகப் பதிவதில்லை.

இந்த வளைவைத் தாங்கிப் பிடிப்பவற்றில் முக்கியமானது உள்ளங்காலின் அடியில், தோலுக்கும் கொழுப்புக்கும் மேலே ஓடும் ஒரு தடித்த நார்ப்பட்டை. குதிகால் எலும்பில் தொடங்கி விரல்களின் அடிவரை செல்கிறது. மருத்துவர்கள் இதைப் பிளாண்டார் ஃபேஷியா என்கிறார்கள். பாதத்தை வில் என்று வைத்துக்கொண்டால் இது அதன் நாண். நடக்கும்போது குதிகாலைத் தூக்கி விரல்களை மடக்குகிறோம் அல்லவா? அப்போது இந்த நாண் விரல்களின் அடியில் சுற்றிக்கொண்டு இழுபடுகிறது. வளைவு உயர்ந்து, பாதம் உறுதியான நெம்புகோலாக மாறுகிறது. கிணற்று ராட்டினத்தில் கயிறு சுற்றுவதுபோன்ற இந்த வேலையை 1954-இல் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் விளக்கினார்.

ஒவ்வோர் அடிக்கும் இப்படி இழுபடும் நாண், குதிகாலில் ஒட்டும் இடத்தில் காலப்போக்கில் நைந்துபோகிறது. அதுதான் பெரும்பாலான குதிகால் வலிக்குக் காரணம். இரவில் படுத்திருக்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் நாண் தளர்ந்து சுருங்கிக் கிடக்கிறது. காலையில் எழுந்து முதலடி வைக்கும்போது உடம்பின் மொத்த எடையும் அதன்மேல் விழுந்து திடீரென்று இழுக்கிறது. 'முதலடி வலி' வருவது இதனால்தான். நாலடி வைத்ததும் நாண் இளகி வலி குறைகிறது.

இதை வீக்கம், அழற்சி என்றே நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அறுவை செய்து எடுத்த 50 பேரின் திசுவைப் பார்த்ததில் அழற்சிக்கான அறிகுறி இல்லை, நார் சிதைந்த தேய்மானமே தெரிந்தது என்று காட்டியது. அப்படியானால் எலும்பு முள்? வலியே இல்லாத பலருக்கும் எக்ஸ்ரேயில் அந்த முள் தெரிவதுண்டு. முள்ளைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. பெரும்பாலானவர்களுக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே ஓராண்டுக்குள் வலி நீங்கிவிடுகிறது. இந்த ஒரு செய்தியை முதல் நாளே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் எத்தனை இரவுகள் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்!

இன்சோல் என்ன செய்கிறது?

ஷூவுக்குள் வைத்துக்கொள்ளும் தாங்கிகள் புதிதல்ல. அமெரிக்காவில் சிகாகோ நகரைச் சேர்ந்த வில்லியம் ஷோல் 1904-இலேயே பாத வளைவைத் தாங்கும் ஒரு சாதனத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று கடைகளிலும் இணையத்திலும் கிடைப்பவற்றை நாலு வகையாகப் பிரிக்கலாம்.

ஒன்று, குதிகாலுக்கு மட்டும் வைக்கும் கிண்ணம். சிலிக்கானிலோ ரப்பரிலோ செய்திருப்பார்கள். வயது ஏற ஏறக் குதிகாலின் அடியில் இருக்கும் இயற்கையான கொழுப்பு மெத்தை மெலிந்துபோகிறது. இந்தக் கிண்ணம் அந்தக் கொழுப்பைப் பக்கவாட்டில் பிதுங்கவிடாமல் சேர்த்துப் பிடிப்பதோடு, தானும் ஒரு மெத்தையாக இருந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது.

இரண்டு, வளைவைத் தாங்கும் முழுநீள இன்சோல். உள்ளங்காலின் நடுவில் மேடாக இருக்கும். நாண் அளவுக்கு மீறி இழுபடாமல் கீழிருந்து முட்டுக்கொடுக்கிறது; குதிகாலில் மட்டும் விழும் பாரத்தைப் பாதம் முழுவதும் பரப்புகிறது.

மூன்று, முன்பாதத்துக்கான சிறு திண்டு. விரல்களுக்குப் பின்னால் உள்ள எலும்பு முடிச்சுகளில் எரிச்சலும் வலியும் இருப்பவர்களுக்கு இது உதவும். ஆனால் வலிக்கிற இடத்துக்கு நேர் கீழே இதை வைக்கக் கூடாது. சற்றுப் பின்னால் வைக்க வேண்டும். பலரும் தப்பாக வைத்துக்கொண்டு, "இருந்த வலி போய் இரட்டை வலி வந்தது" என்பார்கள்.

நான்கு, அவரவர் பாதத்தை அச்செடுத்தோ இயந்திரத்தால் அளந்தோ செய்யும் தனி இன்சோல். நான் வாங்கியது இதுதான்.

விலை ஏறினால் குணம் ஏறுமா?

இங்கேதான் எனக்கு முதல் அதிர்ச்சி. பணம் கொடுத்த பிறகு படித்துப் பார்ப்பது நம்முடைய வழக்கம்தானே!

1999-இல் அமெரிக்காவில் 15 எலும்பு மருத்துவ மையங்கள் சேர்ந்து குதிகால் வலி உள்ள 236 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தின. எல்லாரும் கால் தசைநாரை நீட்டும் பயிற்சி செய்தார்கள். சிலருக்குப் பயிற்சி மட்டும். மற்றவர்களுக்கு அதோடு ஏதாவதொரு வகை இன்சோல். எட்டு வாரம் கழித்து, சிலிக்கான் குதிகால் திண்டு வைத்தவர்களில் 95 விழுக்காட்டினரும், ரப்பர் கிண்ணம் வைத்தவர்களில் 88 விழுக்காட்டினரும் வலி குறைந்ததாகச் சொன்னார்கள். பயிற்சி மட்டும் செய்தவர்களில் 72. அச்செடுத்துச் செய்த விலை உயர்ந்த இன்சோல் வைத்தவர்களில்? 68தான்!

2006-இல் ஆஸ்திரேலியாவில் 135 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வு இன்னும் கவனமானது. ஒரு குழுவுக்குத் தனியாகச் செய்த இன்சோல், இன்னொரு குழுவுக்குக் கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் இன்சோல், மூன்றாவது குழுவுக்குத் தாங்கும் சக்தியே இல்லாத மெல்லிய நுரைத் தகடு. மூன்று மாதத்தில் முதல் இரண்டு குழுவினருக்கும் சிறிதளவு நன்மை தெரிந்தது. இரண்டுக்கும் இடையே வேறுபாடு இல்லை. பன்னிரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் மூன்று குழுவினரும் ஏறக்குறைய ஒரே நிலை.

இதிலிருந்து தெரிவது என்ன? இன்சோல் குணப்படுத்தும் மருந்தல்ல. புண்பட்ட நாண் தானாக ஆறும் வரை அதற்கு ஓய்வு கொடுக்கும் ஊன்றுகோல். ஊன்றுகோலுக்குத் தங்கப் பூண் தேவையில்லை. பாதத்தில் கோணலோ பெரிய குறைபாடோ இல்லாதவர்கள் முதலில் சில நூறு ரூபாயில் கிடைக்கும் குதிகால் கிண்ணத்தையோ சாதாரண வளைவு இன்சோலையோ வாங்கிப் பார்ப்பதே புத்திசாலித்தனம். ஆறு வாரம், எட்டு வாரம் முறையாகப் பயன்படுத்தியும் பலன் இல்லையென்றால், அப்போது நிபுணரைப் பார்த்துத் தனியாகச் செய்வதைப் பற்றி யோசிக்கலாம். மும்பையில் இருப்பவர்களுக்கு ஹாஜி அலியில், 1955-இல் மத்திய அரசு தொடங்கிய அகில இந்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிறுவனம் இருக்கிறது. செயற்கை உறுப்புகளும் தாங்கிகளும் செய்யும் பிரிவு அங்கே உண்டு.

முட்டிவலிக்கும் இடுப்பு வலிக்கும்?

"ஒரே இன்சோலில் பாதம், முழங்கால், இடுப்பு, கழுத்து எல்லா வலியும் தீரும்" என்று விளம்பரங்கள் சொல்கின்றன. பாதம் கோணினால் மேலே உள்ளவையும் கோணும் என்ற வாதம் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அஸ்திவாரம் சரிந்தால் மாடி சரியாதா என்று நாமும் தலையை ஆட்டிவிடுகிறோம்.

சோதித்துப் பார்த்தபோது அவ்வளவு எளிதாக இல்லை. முதுகுவலி வராமல் தடுக்க இன்சோல் உதவுமா என்று அதுவரை நடந்த ஆய்வுகளை 2007-இல் தொகுத்துப் பார்த்த காக்ரேன் குழு, தடுக்கவில்லை என்றே முடிவு சொன்னது. முழங்கால் தேய்மானத்துக்கு ஷூவின் வெளிப்பக்கம் உயர்த்திய ஆப்பு இன்சோல் வைக்கும் வழக்கம் உண்டு. 2013-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், சாதாரணத் தட்டை இன்சோலோடு ஒப்பிட்டபோது அதனால் வலி குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை என்று தெரிந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். குதிகால் வலியால் நொண்டி நொண்டி நடப்பவருக்கு இடுப்பும் மறு முட்டியும் வலிப்பது இயற்கை. பாத வலி குறைந்து நடை நேரானால் அந்த வலியும் குறையும். எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. அது வேறு, இன்சோல் நேரடியாக இடுப்பைக் குணப்படுத்துகிறது என்பது வேறு.

நம் வீட்டுத் தரையும் நம் செருப்பும்

இப்போது என் 6500 ரூபாய் கதைக்கு வருகிறேன். அந்த இன்சோல் கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்தது. மூடிய ஷூவுக்குள்தான் வைக்க முடியும். நானோ சேலை கட்டிச் செருப்புப் போடுகிறவள். ஒரு கான்வாஸ் ஷூ வாங்கி, ஒரு வாரம் போட்டுக்கொண்டு போனேன். பிள்ளைகள் சிரித்தார்கள், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மழையில் ஷூ நனைந்து மூன்று நாள் காயாமல் நாறியதைப் பொறுக்க முடியவில்லை. இன்சோல் அலமாரிக்குப் போயிற்று.

யோசித்துப் பார்த்தால் இதில் பெரிய உண்மை இருக்கிறது. இன்சோல் என்பது காலை முதல் இரவு வரை, வீட்டுக்குள்ளும் ஷூவைக் கழற்றாத தேசங்களில் பிறந்த பொருள். நாமோ வாசலிலேயே செருப்பை விட்டுவிடுகிறோம். கோயிலில் வெறுங்கால், பூஜை அறையில் வெறுங்கால், அடுப்படியில் வெறுங்கால். ஊரில் மண்தரையிலும் சாணம் மெழுகிய தரையிலும் நடந்த கால்கள் அவை. இங்கே ஃபிளாட்டில் நமக்குக் கிடைத்திருப்பது மொசைக், மார்பிள், டைல்ஸ். சப்பாத்திக்கல் முன்னால் ஒரு மணி நேரம் வெறுங்காலோடு நின்றுவிட்டு, வெளியே போகும் அரை மணிக்கு மட்டும் இன்சோல் வைத்தால் என்ன பயன்?

தாராவியில் 90 அடி சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் தோல் வேலை செய்யும் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் இருந்தார். பள்ளியில் அவர் மகள் என்னிடம் படித்தவள். கைப்பை தைக்கப் போன இடத்தில் நான் நொண்டுவதைப் பார்த்துவிட்டார். என் செருப்பைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"டீச்சர், இதப் பாருங்க, குதிங்கால் பக்கம் எப்படித் தேஞ்சு உள்வாங்கிக் கெடக்கு! இதுக்குள்ள தங்கத்தையே வச்சாலும் ஒண்ணும் ஆகாது. மொதல்ல செருப்ப மாத்துங்க."

பின்பக்கம் வார் உள்ள, அடி கெட்டியான, மேலே குழிவான செருப்பு ஒன்றை எடுத்தார். குதிகால் இடத்தில் மென்மையான நுண்ணறை ரப்பரை வெட்டி, விளிம்பில் சீவி, ஒட்டிக் கொடுத்தார். தொழிலில் எம்.சி.ஆர். ஷீட் என்பார்கள். "வீட்டுக்குள்ள போடுறதுக்கும் இதே மாதிரி ஒண்ணு வச்சுக்கிடுங்க. வெளிய போட்டத உள்ள போடாண்டாம், சாமி கோவிச்சுக்கிட மாட்டாரு" என்று சிரித்தார். இரண்டு ஜோடிக்கும் சேர்த்து என் இன்சோல் விலையில் எட்டில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

வீட்டுக்குள் செருப்புப் போடுவதா என்று என் அம்மா இருந்திருந்தால் முகம் சுளித்திருப்பார். வெளிச் செருப்பு வேறு, வீட்டுச் செருப்பு வேறு என்று வைத்துக்கொண்டால் ஆசாரத்துக்கும் குறைவில்லை, காலுக்கும் குறைவில்லை. படுக்கைக்குப் பக்கத்திலேயே அதை வைத்துவிட்டு, காலையில் முதலடியையே அதில்தான் வைக்க வேண்டும். இதுதான் முக்கியம்.

இன்சோலோடு சேர வேண்டிய பயிற்சி

ஊன்றுகோல் மட்டும் போதாது. நாணும் வலுப்பெற வேண்டும். ஆய்வுகளில் பலன் காட்டிய இரண்டு பயிற்சிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, படுக்கையை விட்டு இறங்கும் முன் செய்வது. உட்கார்ந்து, வலிக்கும் காலை மறு தொடையின்மேல் போட்டுக்கொள்ளுங்கள். கையால் கால்விரல்களைப் பிடித்து முழங்காலை நோக்கி இழுங்கள். உள்ளங்காலில் நாண் விறைப்பாகத் தெரியும். பத்து எண்ணும் வரை பிடித்துவிட்டு விடுங்கள். இப்படிப் பத்து முறை. நாளைக்கு மூன்று வேளை. 2003-இல் 101 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில், நின்றுகொண்டு கெண்டைக்காலை நீட்டும் வழக்கமான பயிற்சியைவிட இது முதலடி வலியை நன்றாகக் குறைத்தது.

இரண்டாவது, வலி சற்றுக் குறைந்த பிறகு. ஒரு துண்டைச் சுருட்டிப் படியின்மேல் வைத்து, கால்விரல்கள் துண்டின்மேல் மடங்கியிருக்கும்படி முன்பாதத்தால் நில்லுங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்று எண்ணும் நேரத்தில் குதிகாலைத் தூக்கி, இரண்டு எண்ணும் வரை நிறுத்தி, மூன்று எண்ணும் நேரத்தில் இறக்குங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் போதும். 2015-இல் வந்த டென்மார்க் ஆய்வில் மூன்று மாதத்தில் இதற்கு நல்ல பலன் தெரிந்தது. அந்த ஆய்வில் இரு தரப்பினருக்குமே ஜெல் குதிகால் திண்டும் கொடுத்திருந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. திண்டும் பயிற்சியும் எதிரிகள் அல்ல, கூட்டாளிகள்.

பிள்ளைகளின் தட்டைப் பாதம்

"என் பையனுக்கு உள்ளங்காலில் வளைவே இல்லை, இன்சோல் வாங்கட்டுமா?" என்று கேட்கும் பெற்றோர் பலர். மணிப்பால் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராவும் ஜோசப்பும் 4 முதல் 13 வயது வரையிலான 2300 பிள்ளைகளின் பாதச் சுவடுகளை எடுத்து 1992-இல் வெளியிட்ட ஆய்வு உலகப் புகழ் பெற்றது. காலணி போட்டு வளர்ந்த பிள்ளைகளில் 8.6 விழுக்காட்டினருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8தான். சிறு வயதில் வளைவு தெரியாமலிருப்பது இயல்பு. வளர வளர அது உருவாகும். வலியில்லாமல் ஓடி ஆடும் பிள்ளைக்கு இன்சோல் வேண்டாம். மண்ணிலும் புல்லிலும் வெறுங்காலோடு விளையாடவிடுங்கள். நம் சிவாஜி பார்க் எதற்கு இருக்கிறது?

வலி இல்லாத கால்தான் ஆபத்து

இனி, விலை கூடிய அந்தப் பாடம்.

அலமாரியில் கிடந்த இன்சோலைப் பார்க்கும்போதெல்லாம் மனசு அடித்துக்கொள்ளும். அப்போது என் நாத்தனார், எனக்கு மூத்தவர், எங்களோடு வந்து தங்கினார். பதினைந்து வருடச் சர்க்கரை நோயாளி. "கால் மதமதன்னு இருக்கு, பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கு" என்பார். எங்கள் இருவருக்கும் ஒரே அளவுப் பாதம். "அக்கா, இதை வச்சு நடந்து பாருங்க" என்று ஷூவோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன். வீணாகப் போகாமல் உதவட்டுமே என்ற எண்ணம். அவரும் தினம் காலையில் போட்டுக்கொண்டு நடந்தார். "ஒரு வலியும் இல்லை, சுகமா இருக்கு" என்றார். எப்படி வலிக்கும்? அவருக்குத்தான் உணர்ச்சியே இல்லையே!

பத்தாம் நாள் ஷூவுக்குள் ஈரம். சாக்ஸைக் கழற்றினால் ரத்தம். கெட்டி விளிம்பு உள்ளங்காலைத் தேய்த்துத் தேய்த்து ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் புண். ஆறுவதற்கு மூன்று மாதம் ஆயிற்று. விரல் தப்பியது கடவுள் புண்ணியம். அவர் ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லை. நான்தான் அறிவியல் டீச்சர், யோசித்திருக்க வேண்டும்.

இந்த உண்மையை உலகுக்குத் தெளிவாகக் காட்டிய பணி நம் வேலூரில் நடந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால் விரல்களும் பாதமும் ஏன் அழிகின்றன என்று ஆராய்ந்தார். நோய் சதையைத் தின்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். உண்மையில் நோய் அழிப்பது உணர்ச்சி நரம்பை. வலி தெரியாததால் அவர்கள் காயத்தின்மேலேயே நடந்து, நடந்து, காலை இழந்தார்கள். நமக்குச் செருப்பு கடித்தால் நம்மையறியாமல் நடையை மாற்றிக்கொள்கிறோம். அவர்களுக்கு அந்த எச்சரிக்கை மணி அறுந்துபோயிருந்தது. இதற்கு மருந்து, பாரத்தைப் பரப்பும் மென்மையான காலணி. வேலூரிலும், அருகில் 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் ஆய்வு மையத்திலும் பல வகை ரப்பர்களைச் சோதித்து, நுண்ணறை ரப்பர் வைத்த செருப்புகளை உருவாக்கினார்கள். அண்ணாச்சி என் செருப்பில் ஒட்டிய அதே எம்.சி.ஆர்.தான்! பிராண்ட் 2003-இல் மறைந்தார். அன்று தொழுநோயாளிகளுக்காகக் கண்ட வழி இன்று சர்க்கரை நோயாளிகளின் காலைக் காக்கிறது.

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வின்படி நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடிப் பேர். எனவே இன்சோல் வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எந்தக் கம்பெனி?' என்பதல்ல, 'இந்தக் காலில் உணர்ச்சி இருக்கிறதா?' என்பதே. மருத்துவர் ஒரு மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தே இதைச் சொல்லிவிடுவார். சில நிமிடங்கள் போதும்.

உணர்ச்சி குறைந்தவர்கள் கெட்டிப் பிளாஸ்டிக் இன்சோலைத் தொடவே கூடாது. அவர்களுக்கு வேண்டியது பாதம் முழுவதும் படியும் மென்மையான உள்தளம், அடியில் ஆணி ஏறாத கெட்டி சோல், பின்வார், அகன்ற முன்பகுதி. விரலிடுக்கில் வார் உள்ள ஹவாய்ச் செருப்பு வேண்டாம். அந்த இடத்தில் புண் வரும், பிடிப்பில்லாமல் கழன்றும் விழும். வெறுங்கால் நடையும் வேண்டாம், கோயில் பிராகாரத்து வெயில் கல்லில் அறவே வேண்டாம். தினமும் இரவில் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். காலணியைப் போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும்.

வாங்குவோர் கவனத்துக்கு

1. முதலில் செருப்பைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் அதை மாற்றிவிட்டுத்தான் இன்சோல்.

2. காலணியை மாலையில் வாங்குங்கள். நாள் முழுதும் நடந்து பாதம் சற்றுப் பருத்திருக்கும். நீண்ட விரலுக்கு முன்னால் கட்டை விரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும்.

3. முழுநீள இன்சோல் வைக்கும்போது ஷூவில் ஏற்கெனவே இருப்பதை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இறுக்கிப் பிடிக்கும். செருப்புக்குத் தகுந்தபடி காலை வெட்டிக்கொள்ள முடியாது.

4. முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும். பிறகு சிறிது சிறிதாகக் கூட்டி இரண்டு வாரத்தில் முழு நாளும் போடலாம். சிவந்த தடமோ கொப்புளமோ வந்தால் உடனே நிறுத்துங்கள்.

5. ஒருவருடையதை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். இதை அனுபவித்தவள் சொல்கிறேன்.

6. காலில் வீக்கம், சிவப்பு, காய்ச்சல், மரத்துப்போதல், ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் வலி, அடிபட்டபின் ஊன்ற முடியாமை ஆகியவை இருந்தால் கடைக்குப் போகாமல் மருத்துவரிடம் போங்கள். இளவயதினருக்கு இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் இடுப்பும் விறைத்துக்கொண்டால் அது மூட்டுவாத நோயாகவும் இருக்கலாம்.

எனக்கு வலி முற்றிலும் போக ஒன்பது மாதம் ஆயிற்று. செருப்பும் பயிற்சியும் பொறுமையும் பங்கு போட்டுச் செய்த வேலை அது. இன்றும் படுக்கையருகே அந்த வீட்டுச் செருப்பு இருக்கிறது. நாத்தனாரும் நலமாக இருக்கிறார், இரவு எட்டரைக்குத் தொலைபேசியில் "கண்ணாடி வச்சுப் பார்த்தீங்களா அக்கா?" என்று கேட்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

கடைசியாக நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் இலவச மருத்துவ முகாம் நடத்துகிறோம். ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் மேசைக்கு நீண்ட வரிசை நிற்கிறது. அடுத்த முறை அந்த மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியும் போடுவோம். வந்தவர்கள் அதில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றட்டும். ஒரு நைலான் இழையும், பார்க்கத் தெரிந்த ஒருவரும் இருந்தால் போதும்.